மர்மமே மூலதனம்

ஜெர்மனியின் பெருமையாகக் கொண்டாடப்பட்ட வயர்கார்ட் நிறுவனத்தின் இரண்டாம் இடத்தில் இருந்தவர் யான் மார்சலெக். காணாமல் போன 190 கோடி யூரோவுக்கு அவரைத் தேடுகிறது மியூனிக். லண்டன் நீதிமன்றத்தின் ஆவணங்களில் அவர் ரஷ்யாவுக்காக ஒற்றர் படை நடத்தியவர். இந்த இரண்டு முகங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்குப் புத்தகம்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்றொரு கடற்கரை ஊர். கோடை விடுமுறைக்குக் குடும்பங்கள் வந்து தங்கிப் போகும் சாதாரண ஊர். ஒருகாலத்தில் தங்கும் விடுதியாக இருந்த பழைய கட்டடம் ஒன்றுக்குள் 2023 பிப்ரவரியில் காவல்துறையினர் நுழைந்தார்கள். அறைகள் முழுக்கக் கருவிகள். 221 கைபேசிகள், 495 சிம் கார்டுகள், 11 டிரோன்கள். கேமரா ஒளித்துவைத்த பொம்மை, கேமரா பதித்த போலிப் பாறை, சுற்றுவட்டாரக் கைபேசிகளின் அடையாள எண்களைப் பிடித்துக்கொள்ளும் சாதனங்கள், கட்டுக்கட்டாகப் போலி அடையாள ஆவணங்கள். அங்கே வசித்த ஓர்லின் ருசெவ் என்ற பல்கேரியர் கைது செய்யப்பட்டார். அவருடைய கைபேசியைத் திறந்தபோது டெலிகிராம் செயலியில் ஏறத்தாழ 80,000 செய்திகள் இருந்தன. யாரைப் பின்தொடர்வது, எவ்வளவு செலவாகும், பணம் எந்த வழியில் வரும் என்று நாள்தவறாமல் பேசிய மறுமுனை ஆள் 'ரூபர்ட் டிச்' என்ற பெயரில் இருந்தார். அது யான் மார்சலெக் என்று அரசுத் தரப்பு நிறுவியது.

பணக்காரர் ஒருவரைப் பற்றி 'அவர் உளவாளியாமே' என்று கிசுகிசுப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். சொத்து எங்கிருந்து வந்தது என்பது தெரியாதபோது, கற்பனை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பெரும்பாலான கிசுகிசுக்கள் கிசுகிசுக்களாகவே முடிகின்றன. மார்சலெக் விவகாரம் அபூர்வமானது. இங்கே சந்தேகத்தின் ஒரு பகுதி நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டு, ஆவணமாகிவிட்டது. ஆகவே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மார்சலெக்கைச் சுற்றியிருந்த மர்மம் தற்செயலாகப் படிந்த புகையல்ல. அது அவர் தொழிலின் மூலதனம். அந்த மூலதனத்தின் வட்டியை அவர் மட்டும் அனுபவிக்கவில்லை. அவரைக் கண்காணிக்க வேண்டிய நிறுவனங்களும் இன்றுவரை அதன் நிழலில்தான் ஒதுங்கி நிற்கின்றன.

வியன்னாவிலிருந்து மின்ஸ்க் வரை

1980-ல் வியன்னாவில் பிறந்தவர் மார்சலெக். பள்ளி இறுதித் தேர்வை முடிக்காமலே கணினித் தொழிலுக்கு வந்தார். 2000-ல் வயர்கார்டில் சேர்ந்தார். 2010-ல் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி. மியூனிக்கை அடுத்த ஆஷ்ஹைம் என்ற ஊரில் இருந்த அந்த நிறுவனம் இணையவழிப் பணப் பரிமாற்றத்தைக் கையாண்டது. தொடக்கத்தில் சூதாட்டத் தளங்களும் ஆபாசத் தளங்களுமே அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். 2018 செப்டம்பரில், காமர்ஸ்பாங்க் என்ற பழம்பெரும் வங்கியை வெளியேற்றிவிட்டு, ஜெர்மனியின் முதன்மைப் பங்குக் குறியீடான டாக்ஸ் பட்டியலில் அது ஏறியது. அப்போது அதன் சந்தை மதிப்பு சுமார் 2,400 கோடி யூரோ.

2020 ஜூன் 18 அன்று தணிக்கை நிறுவனமான இ.ஒய். வயர்கார்டின் கணக்கில் கையெழுத்திட மறுத்தது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 190 கோடி யூரோவுக்குச் சான்று இல்லை. அன்றே மார்சலெக் இடைநீக்கம் செய்யப்பட்டார். பணத்தைத் தேட மணிலா போகிறேன் என்று உடனிருந்தவர்களிடம் சொன்னார். மறுநாள் மாலை, ஆஸ்திரியாவில் பாட் ஃபஸ்லாவ் என்ற சிறு விமானத் தளத்திலிருந்து தனி விமானத்தில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்குக்குப் பறந்தார். பிலிப்பைன்ஸ் குடிவரவுப் பதிவேட்டில் அவர் ஜூன் 23-ல் வந்ததாகவும் மறுநாள் சீனாவுக்குப் புறப்பட்டதாகவும் பதிவாகியிருந்தது. கண்காணிப்பு கேமராவில் அப்படி யாரும் இல்லை. பதிவு பொய்யானது என்று அந்நாட்டு நீதித்துறை அமைச்சர் அறிவித்தார். ஜூன் 25-ல் வயர்கார்ட் திவால் மனு கொடுத்தது. டாக்ஸ் பட்டியலில் இருந்த ஒரு நிறுவனம் திவாலானது அதுவே முதல்முறை.

மர்மம் விற்ற சரக்கு

மியூனிக்கின் பிரின்ட்ஸ்ரீகென்டன் சாலையில் மார்சலெக் ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்திருந்தார். எதிரே ரஷ்யத் துணைத் தூதரகம். அந்த வீட்டுக்கு முன்னாள் உளவு அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் வந்து போனார்கள். ஹெல்முட் கோல் ஆட்சியில் ஜெர்மன் உளவு அமைப்புகளை ஒருங்கிணைத்த பெர்ன்ட் ஷ்மிட்பாவர்கூட 2018-ல் அங்கே அவரைச் சந்தித்திருக்கிறார். ஆஸ்திரியாவின் உள்நாட்டு உளவு அமைப்பான பி.வி.டி.யில் உயர்பதவியில் இருந்த மார்ட்டின் வைஸ், பின்னாளில் மார்சலெக்குக்காக வேலை செய்தார்; தப்பிச் செல்லும் விமானத்துக்கு ஏற்பாடு செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பது விசாரணையில் வந்தது. லிபியாவில் முதலீடு, அங்கே எல்லைக் காவலுக்குக் கூலிப்படை திரட்டும் பேச்சு, சிரியாவுக்குப் பயணம் என்று ஊடகங்கள் தோண்டியெடுத்த செய்திகள் வேறு.

இவற்றில் மிகவும் பேசப்பட்டது நோவிசோக் விவகாரம். 2018-ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் முன்னாள் ரஷ்ய உளவாளி செர்கெய் ஸ்கிரிபாலையும் அவர் மகளையும் கொல்ல முயன்றபோது பயன்பட்ட நரம்பு நச்சு அது. அதன் வேதிச் சூத்திரம் அடங்கிய ரகசிய ஆவணங்களை, அதே ஆண்டு லண்டனில் பங்குச் சந்தைத் தரகர்களிடம் மார்சலெக் காட்டினார் என்று 'ஃபைனான்சியல் டைம்ஸ்' 2020-ல் எழுதியது. ஆவணங்கள் ஆஸ்திரிய அரசின் வழியாகக் கசிந்தவை என்பது பின்னர் தெரிய வந்தது. செய்தி வந்ததும் உலகமே 'பார்த்தாயா, ஒற்றன்' என்றது. ஆனால் நிதானமாக யோசித்தால் வேறொரு கேள்வி எழும். உண்மையான ஒற்றன் ரகசியக் காகிதத்தைத் தரகர்களிடம் எதற்காக விரித்துக் காட்டுவான்? வயர்கார்டின் பங்கு வீழும் என்று பந்தயம் கட்டியவர்களைப் பற்றிய தகவலை மார்சலெக் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 'எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது' என்ற எண்ணத்தை எதிராளியின் மனதில் ஊன்றுவதற்குத்தான் அந்தக் காகிதம் பயன்பட்டது. ரகசியம் என்பது மறைப்பதற்கு மட்டுமல்ல, காட்டி மிரட்டுவதற்கும்தான்.

வணிகத்திலும் இதே உத்தி வேலை செய்தது. வயர்கார்டின் லாபத்தில் பெரும்பகுதி துபாய், மணிலா, சிங்கப்பூரில் இருந்த 'கூட்டாளி' நிறுவனங்கள் வழியாக வருவதாகக் கணக்கு காட்டப்பட்டது. அந்தக் கூட்டாளிகளோடு பேசியவர் மார்சலெக். ஆசியாவில் யார், எங்கே, எப்படி என்று கேட்டால், 'அதெல்லாம் யானுக்குத்தான் தெரியும்' என்பதே பதில். சாதாரண மேலாளர் ஒருவர் இப்படிச் சொன்னால் தணிக்கையாளர் ரசீதைக் கேட்டிருப்பார். உலகத்தின் இருட்டு மூலைகளில் புழங்கும் மர்ம மனிதர் சொன்னபோது, ரசீது இல்லாததே அவருடைய செல்வாக்குக்குச் சாட்சியாகிவிட்டது. பினாமிப் பெயர்கள், அறங்காவலர் கணக்குகள், தீவுகளில் பதிவு செய்த நிதியங்கள்: பொய்க் கணக்கை மறைக்க எவையெல்லாம் தேவையோ, ஒற்றர்களுக்குச் சம்பளம் அனுப்பவும் அவையே தேவை. 'மோசடிக்காரரா, உளவாளியா' என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி பிழையானது என்று சொல்வது இதனால்தான். இரண்டு தொழிலுக்கும் பட்டறை ஒன்று.

■ பெட்டிச் செய்தி: சென்னை வழியே ஒரு சுற்று

2015 அக்டோபரில், இந்தியாவில் கால் பதிப்பதற்காக 'கிரேட் இந்தியன் ரீடெய்ல் குரூப்' என்ற குழுமத்தின் பணப் பரிமாற்றத் தொழில்களை 34 கோடி யூரோ வரை கொடுத்து வாங்குவதாக வயர்கார்ட் அறிவித்தது. அதில் முக்கியமானது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெர்மிஸ் ஐ டிக்கெட்ஸ். வயர்கார்டுக்கு விற்றது, மொரீஷியஸில் பதிவான இ.எம்.ஐ.எஃப். 1ஏ என்ற நிதியம். அதே நிதியம் சில வாரங்களுக்கு முன்னால்தான் ஹெர்மிஸை ஏறத்தாழ 3.7 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்தது. இடையில் தொழில் பன்மடங்கு வளர்ந்துவிடவில்லை, விலைதான் வளர்ந்தது. நிதியத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பது வெளியே சொல்லப்படவில்லை. சிறு பங்குதாரர்கள் லண்டனில் வழக்கு தொடர்ந்தார்கள். இந்த வித்தியாசத் தொகை யாருடைய பைக்குப் போனது என்ற கேள்வி, வயர்கார்ட் சரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுந்துவிட்டது.

கேட்டவர்களே குற்றவாளிகள்

வயர்கார்டைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லை என்பது உண்மையல்ல. 'ஃபைனான்சியல் டைம்ஸ்' செய்தியாளர் டான் மெக்ரம் 2015-லேயே அதன் கணக்கில் இருந்த ஓட்டைகளை எழுதத் தொடங்கினார். சிங்கப்பூர் அலுவலகத்தில் சட்டப் பொறுப்பில் இருந்த பவ் கில், போலி ஒப்பந்தங்களையும் சுற்றிச் சுற்றி வந்த பணத்தையும் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார். 2019 ஜனவரியில் அது செய்தியானது; பிப்ரவரியில் சிங்கப்பூர் போலீஸ் வயர்கார்ட் அலுவலகத்தைச் சோதனையிட்டது. இத்தனைக்கும் பிறகு நம்மூர் செபி போன்ற ஜெர்மன் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் என்ன செய்தது? வயர்கார்ட் பங்கு வீழும் என்று பந்தயம் கட்டும் ஷார்ட் செல்லிங்கை இரண்டு மாதம் தடை செய்தது. ஏப்ரலில், செய்தி எழுதிய இரண்டு நிருபர்கள் மீதே குற்றப் புகார் கொடுத்தது. திருட்டைச் சொன்னவனைப் பிடித்துத் தூணில் கட்டிய கதை இது. நிறுவனம் சரிந்த பிறகு, 2020 செப்டம்பரில்தான் அந்தப் புகார் கைவிடப்பட்டது.

அதே 2019 செப்டம்பரில், சீனா சென்ற சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல் அங்கே வயர்கார்டின் நலனுக்காகப் பேசினார். முன்னாள் உளவு ஒருங்கிணைப்பாளர் கிளாஸ்-டீட்டர் ஃபிரிட்ஷெ சான்சலர் அலுவலகத்தில் அந்த நிறுவனத்துக்காகக் கதவைத் தட்டினார். இதைவிடக் கவலைக்குரியது ஒன்று. ஜெர்மனியின் மத்தியக் குற்றப் புலனாய்வுத் துறை, மாறுவேடப் பணிகளுக்காக வயர்கார்ட் வழங்கிய கிரெடிட் கார்டுகளைப் பயன்படுத்தியிருந்தது. அதாவது, போலிப் பெயரில் உலவும் சொந்த அதிகாரிகளின் செலவுத் தடத்தை, ரஷ்யத் துணைத் தூதரகத்துக்கு எதிரே வீடு எடுத்திருந்தவரின் நிறுவனத்திடம் அரசே ஒப்படைத்திருந்தது. பணப் பரிமாற்ற நிறுவனம் உளவுக்கு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. யார், எங்கே, எந்த நேரத்தில் டீ குடித்தார், எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தார் என்பதைச் சொல்வதற்கு ஒட்டுக்கேட்கும் கருவி வேண்டாம், கார்டு போதும். அந்தத் தகவல் ரஷ்யாவுக்குப் போனது என்று பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. நீதிமன்றத்தில் அது நிறுவப்படவில்லை. ஆனால் போகக்கூடிய வாய்க்காலை வெட்டிக்கொடுத்தது அரசுதான் என்பதில் சந்தேகமில்லை.

மறுப்புகளும் விடைகளும்

இந்தச் சித்திரத்துக்கு எதிராக வைக்கப்படும் வாதங்கள் வலுவற்றவை அல்ல. முதல் வாதம்: மார்சலெக் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை, ருசெவ் கும்பல் மீதான லண்டன் வழக்கில் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கவும் இல்லை. ஆளில்லாதபோது அவர் மீது பழி போடுவது நியாயமா? சட்டப்படி இது சரியான கேள்வி. மோசடி வழக்கில் அவர் தேடப்படுபவர் மட்டுமே. ஆனால் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டது வதந்தியல்ல, செய்திப் பரிமாற்றத்தின் மூலப் பதிவு. ருசெவ் உட்பட மூவர் தாங்களே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூவரை 2025 மார்ச்சில் ஜூரி குற்றவாளிகள் என்றது. மே மாதம் ருசெவுக்குப் பத்து ஆண்டு எட்டு மாதச் சிறை. வேலையைச் செய்தவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, வேலையை ஏவிய மறுமுனையை வெறும் நிழல் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. அந்தச் செய்திகள் 2020 ஆகஸ்டுக்குப் பிந்தியவை. அதாவது மார்சலெக் ஓடிப்போன பிறகு நடந்தவை. அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு வாடகையாக அவர் இந்த வேலையைச் செய்திருக்கலாம். வயர்கார்டில் இருந்த காலத்திலேயே உளவாளி என்பதற்கு இது சான்றாகுமா? ஆகாது. இந்த இடத்தில் நேர்மையாக நிற்க வேண்டும். 2014-லேயே ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜி.ஆர்.யு. அவரை ஈர்த்துவிட்டது என்று 'டெர் ஷ்பீகல்', 'தி இன்சைடர்' உள்ளிட்ட ஊடகங்கள் 2024 மார்ச்சில் கூட்டாக எழுதின. உழைப்பு மிகுந்த புலனாய்வு அது. ஆனால் தீர்ப்பு அல்ல. தப்பியோடிய இரண்டே மாதத்தில் ஒரு படையை நடத்தும் அளவுக்கு நம்பிக்கை கிடைத்தது என்றால், பழக்கம் பழையதாக இருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு. அந்த ஊகத்தை ஊகம் என்றே சொல்லி வைப்போம்.

மூன்றாவது வாதம் நீதிமன்ற வளாகத்திலேயே ஒலிக்கிறது. வயர்கார்டின் முன்னாள் தலைவர் மார்க்குஸ் பிரவுன் மீதான விசாரணை 2022 டிசம்பரில் மியூனிக்கின் ஷ்டாடல்ஹைம் சிறை வளாகத்தில் தொடங்கியது. குற்றத்தை மறுக்கும் அவருடைய தரப்பு வாதம் இதுதான்: தொழில் உண்மையானது, பணமும் உண்மையானது, மார்சலெக்கும் கூட்டாளிகளும் அதைச் சுருட்டிவிட்டார்கள். மார்சலெக்கின் மர்மம் பெரிதாகப் பெரிதாக இந்த வாதத்துக்கு வலு கூடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு வல்லரசின் உளவுத்துறையே பின்னால் இருந்ததென்றால், அப்பாவித் தலைவர் என்ன செய்வார்? கண்காணிப்பு அமைப்பு என்ன செய்யும்? தணிக்கையாளர்தான் என்ன செய்வார்? இங்கேதான் உளவுக் கதை ஒரு பாவமன்னிப்புச் சீட்டாகிறது. ஆனால் மணிலாவில் பணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எதிர் உளவுப் பிரிவு தேவைப்படவில்லை. இ.ஒய். நேரடியாகக் கேட்டவுடனே, சம்பந்தப்பட்ட இரண்டு பிலிப்பைன்ஸ் வங்கிகளும் காட்டப்பட்ட ஆவணங்கள் போலி என்று சொல்லிவிட்டன. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் பல ஆண்டுகள் ஆயின. 2023-ல் ஜெர்மன் தணிக்கை மேற்பார்வை அமைப்பு இ.ஒய்.க்கு ஐந்து லட்சம் யூரோ அபராதம் விதித்து, பொதுநலன் சார்ந்த பெரிய நிறுவனங்களின் புதிய தணிக்கைப் பணிகளை ஏற்க இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. பாஃபின் தலைவர் ஃபெலிக்ஸ் ஹுஃபெல்டு 2021 ஜனவரியில் பதவியை இழந்தார். இந்தத் தவறுகளுக்கும் மாஸ்கோவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

■ பெட்டிச் செய்தி: லண்டன் வழக்கில் வந்த இலக்குகள்

கிறிஸ்டோ குரோசெவ்: ரஷ்ய உளவுத்துறையை அம்பலப்படுத்திய 'பெல்லிங்கேட்' புலனாய்வாளர். வியன்னாவிலும் ஸ்பெயினின் வலென்சியாவிலும் பின்தொடரப்பட்டார்.
ரோமன் டோப்ரோஹோடோவ்: 'தி இன்சைடர்' ஆசிரியர். விமானத்தில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் கும்பலைச் சேர்ந்தவர் அமர்த்தப்பட்டார்.
ஸ்டுட்கார்ட் அருகே அமெரிக்கப் படைத்தளம்: உக்ரைன் வீரர்கள் பேட்ரியாட் ஏவுகணைப் பயிற்சி பெறுவதாக நம்பி, அவர்களுடைய கைபேசிகளைக் கண்காணிக்கத் திட்டம்.
லண்டனில் கஜகஸ்தான் தூதரகம்: வாசலில் பன்றி ரத்தம் தெளித்துப் போலிப் போராட்டம் நடத்தத் திட்டம்.

விலை கொடுத்தவர்கள்

தங்களை 'மினியன்ஸ்' என்று கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரால் அழைத்துக்கொண்ட கும்பல் என்பதால், இதைக் கோமாளிக் கூத்தாக எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. குறிவைக்கப்பட்டவர்களுக்கு இது கூத்து அல்ல. குரோசெவையும் டோப்ரோஹோடோவையும் கடத்துவது, கொல்வது பற்றியெல்லாம் அந்தச் செய்திகளில் பேசியிருக்கிறார்கள். குரோசெவ் பல ஆண்டுகள் வாழ்ந்த வியன்னாவில் இனிப் பாதுகாப்பில்லை என்று தெரிந்து, 2023 தொடக்கத்தில் ஊரைவிட்டு வெளியேறினார். கேள்வி கேட்ட செய்தியாளர்கள் மீது 2019-ல் அரசு அமைப்பு புகார் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு செய்தியாளர்கள் பின்னால் ஒற்றர்கள் அனுப்பப்பட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மனம் கனக்கிறது.

ஆஸ்திரியா கொடுத்த விலை இன்னொரு வகை. பி.வி.டி. அமைப்பின் முன்னாள் அதிகாரி எகிஸ்டோ ஓட், மார்சலெக் வழியாக ரஷ்யாவுக்குத் தகவல் கொடுத்ததாக 2024 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். காவல்துறைத் தரவுத் தளங்களில் ஆட்களைத் தேடிக்கொடுத்தார் என்பதும், உள்துறை அமைச்சக உயரதிகாரிகளின் கைபேசித் தரவுகள் கைமாறின என்பதும் குற்றச்சாட்டுகள். அவர் மறுக்கிறார். அங்கே உளவு பார்ப்பது ஆஸ்திரியாவின் நலனுக்கு எதிராக இருந்தால்தான் குற்றம் என்பதுபோல் நெடுங்காலமாகச் சட்டம் இருந்தது. பிறநாட்டை உளவு பார்க்க வியன்னா வசதியான முற்றமாக இருந்ததன் காரணம் அதுவே. நம்பிக்கை குலைந்த பி.வி.டி.யைக் கலைத்துவிட்டு, 2021 டிசம்பரில் புதிய அமைப்பை உருவாக்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுபவர்கள் சிறு முதலீட்டாளர்கள். டாக்ஸ் பட்டியலில் இருக்கிறது, அரசே முட்டுக்கொடுக்கிறது என்ற தெம்பில் ஓய்வூதியச் சேமிப்பை வயர்கார்ட் பங்கில் போட்டவர்கள் அவர்கள். இழப்பீடு கேட்டுப் பல்லாயிரம் பங்குதாரர்கள் வழக்காடினார்கள். திவாலான நிறுவனத்தின் எஞ்சிய சொத்தில் மற்றக் கடன்காரர்களோடு சமமாக அவர்கள் பங்கு கேட்க முடியாது என்று 2025 நவம்பரில் ஜெர்மனியின் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றன் கதையைப் படமாகவும் தொடராகவும் பார்க்க உலகம் வரிசையில் நிற்கிறது. பணத்தை இழந்தவர்கள் வேறொரு வரிசையில், கடைசியில் நிற்கிறார்கள்.

மார்சலெக் வேறு பெயரில் மாஸ்கோவில் வாழ்கிறார் என்று, படங்களோடு 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அதற்கு முன், 2023 ஜூலையில், அவர் தரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. அவருடைய வழக்கறிஞர் மியூனிக் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ரஷ்யாவைப் பற்றியோ ஒற்றர் வேலையைப் பற்றியோ எழுந்த கேள்விகளுக்கு அதில் விளக்கம் இல்லை. ஆசியக் கூட்டாளி நிறுவனங்களின் தொழில் உண்மையிலேயே நடந்தது என்பதையே அது வலியுறுத்தியது. உளவாளி என்ற பெயரை மறுப்பதற்கு அவர் அவசரப்படவில்லை. கணக்கு பொய்யல்ல என்று சொல்வதற்குத்தான் அவசரப்பட்டார்.